ஏற்றும்போது தெளிவு, அரை மணியில் மஞ்சள்: எங்கள் போர்வெல் நீரில் நடப்பது என்ன?

வெண்ணாற்றங்கரை · வெள்ளி, இரவு 9.05

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. இரண்டு மாதத்துக்கு முன் கொல்லையில் 120 அடிக்கு போர்வெல் போட்டோம். மோட்டாரைப் போட்டதும் வாளியில் விழும் நீர் அவ்வளவு தெளிவாக இருக்கும், அடியில் கிடக்கும் மோதிரத்தைக்கூடப் பார்த்து எடுக்கலாம். அரை மணி கழித்துப் பார்த்தால் இலேசான மஞ்சள். மறுநாள் காலையில் வாளியின் அடியில் செம்பழுப்பாக ஒரு படிவு. விரலால் தொட்டால் மாவு போல் ஒட்டுகிறது. வெள்ளை வேட்டிகள் எல்லாம் காவியேறிவிட்டன.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள்: "அப்பா, வரும்போது இல்லாத நிறம் பிறகு எங்கிருந்து வந்தது?" மண்தான் என்றேன். "மண் என்றால் வரும்போதே கலங்கலாக இருக்க வேண்டாமா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வடிகட்டி வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவள் தானே செய்து பார்த்து நம்பக்கூடிய ஒரு விளக்கம் வேண்டும். பாடத்தில் இதே வாரம் பருப்பொருள், கலவை, சேர்மம், இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் எல்லாம் நடக்கிறது. புத்தகத்தில் இருப்பதும் வாளியில் இருப்பதும் ஒன்றா என்பதே அவளுடைய கேள்வி.

குடமுருட்டி · வெள்ளி, இரவு 9.40

பாபநாசம் பக்கத்தில் இருபது வருடமாக மோட்டார் வேலை செய்கிறேன். இது குழாய்த் துரு. வேறு ஒன்றும் இல்லை. குழாயை மாற்றுங்கள், சரியாகிவிடும்.

வெண்ணாற்றங்கரை · வெள்ளி, இரவு 9.52

அண்ணே, மேலிருந்து கீழ் வரை பிவிசி குழாய்தான். இரும்பு என்றால் மோட்டாரில் இருப்பது மட்டுமே, அதுவும் புதியது.

கோரையாறு · சனி, காலை 6.15

அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மகளின் இரண்டாவது கேள்வியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு விளக்கத்தைக் கேட்டவுடன், அது உண்மையானால் வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறாள். வகுப்பில் வருடம் முழுவதும் சொல்லித்தர முயன்று பல சமயம் நான் தோற்றது இதில்தான்.

விடை இது என்று எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன். முதலில் நோட்டில் மூன்று விளக்கங்களை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது சரியானால் என்ன தெரிய வேண்டும், தவறானால் என்ன தெரியும் என்றும் எழுதட்டும். சோதனைக்கு முன்பே எழுதிவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால், எந்த விளக்கத்தையும் அதற்குப் பொருந்தும்படி வளைத்துவிடலாம்.

குழாய்த் துருதான் காரணம் என்றால், இரவெல்லாம் குழாயில் தேங்கிக் கிடந்த முதல் வாளி நீர் அதிகம் மஞ்சளாக வேண்டும். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு பிடிப்பது குறைவாக மஞ்சளாக வேண்டும். மிதக்கும் மண்தான் என்றால், வந்தவுடன் மடித்த துணியும் ஆற்று மணலும் வைத்து வடித்த நீர் மஞ்சளாகக் கூடாது. வெளியிலிருந்து ஏதோ வந்து சேர்கிறது என்றால், காற்றுப் படாமல் அடைத்த பாட்டிலில் நீர் தெளிவாகவே இருக்க வேண்டும்.

பழைய வயல் · சனி, காலை 7.30

எங்கள் தாத்தா நீரே மண்ணாகிறது என்பார். பானையில் நீரை வைத்துக் கொதிக்கவிட்டுக்கொண்டே இருந்தால் அடியில் வெள்ளையாகத் தட்டுகிறதே, அது எங்கிருந்து வந்தது? வெறும் நீரைத்தானே ஊற்றினோம்? பெரியவர்கள் காரணம் இல்லாமல் சொல்ல மாட்டார்கள்.

கோரையாறு · சனி, காலை 8.20

பழைய வயல் ஐயா, உங்கள் தாத்தாவுக்குத் துணையாக ஐரோப்பாவிலேயே பெரிய ஆட்கள் இருந்தார்கள். வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்தது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ்தான். ஆகவே மரம் முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648இல் இது அச்சானது. நிறுத்துப் பார்த்தது மிகச் சிறந்த வேலை. ஆனால் மரத்தைச் சுற்றியிருந்த காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. செடி காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நீர் மண்ணாகும் என்று பலர் நம்பினார்கள். 1768 இறுதியில் லவாய்சியே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நீரை அடைத்து, ஆவி மேலே போய்க் குளிர்ந்து மறுபடி உள்ளேயே விழும்படி 101 நாட்கள் சூடாக்கினார். நீரில் கசடு வந்தது. நம்பியவர்கள் எதிர்பார்த்தது அதைத்தான். ஆனால் அவர் தொடங்குவதற்கு முன்பே நீரைத் தனியாகவும் பாத்திரத்தைத் தனியாகவும் நிறுத்து வைத்திருந்தார். மொத்த எடையில் மாற்றம் இல்லை. பாத்திரத்தின் எடை குறைந்திருந்தது, ஏறக்குறைய அந்தக் கசட்டின் அளவுக்கு. கண்ணாடிதான் கரைந்து வந்திருக்கிறது.

உங்கள் பானையில் தட்டும் வெள்ளை, நீரில் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து. வெறும் நீர் என்று நாம் சொல்வது வெறும் நீர் அல்ல. தாத்தா பார்த்தது உண்மை, அதற்குச் சொன்ன காரணம்தான் பொருந்தவில்லை.

அரசலாறு · சனி, பிற்பகல் 2.10

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். என் அக்கா வீட்டிலும் இதே மாதிரி நீர்தான். அதில் தேநீர் போட்டால் மை போல் கறுத்துவிடும், காபி அவ்வளவாக மாறாது. இதில் ஏதாவது துப்பு இருக்கிறதா?

கோரையாறு · சனி, பிற்பகல் 3.00

இருக்கிறது அம்மா, பெரிய துப்பு. அந்தக் காலத்தில் கடுக்காயை ஊறவைத்த நீரில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைப் போட்டு எழுதும் மை செய்தார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கருப்பூர்க் கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வருவதும் இதே சேர்க்கையால்தான். தேயிலையிலும் துவர்ப்பு இருக்கிறது. ஆகவே இரும்பு என்ற சந்தேகம் வலுக்கிறது. சந்தேகம் வரைதான். வெண்ணாற்றங்கரைத் தம்பியின் முடிவுகள் வரட்டும்.

வெண்ணாற்றங்கரை · ஞாயிறு, இரவு 8.30

இரண்டு நாள் வீடு முழுவதும் பாட்டிலாகக் கிடக்கிறது. மகள் எழுதிவைத்ததைப் பார்த்து அப்படியே தருகிறேன்.

குழாய்த் துரு: அதிகாலை முதல் வாளி, இரண்டு மணி நேரம் ஓடிய பின் பிடித்த வாளி, இரண்டையும் அருகருகே வைத்தோம். ஒரு மணி நேரத்தில் இரண்டும் ஒரே மஞ்சள். எங்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. எது எந்த வாளி என்று தெரியாத என் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவராலும் முடியவில்லை. (அம்மாவைக் கூப்பிடலாம் என்றது மகள்தான்.)

மண்: நான்காக மடித்த வேட்டித் துணியும் கழுவிய ஆற்று மணலும் வைத்து வந்தவுடனே வடித்தோம். அப்படியும் மஞ்சளானது. ஆனால் மறுநாள், முழுதும் பழுப்பாகித் தெளிந்த நீரை அதே மணலில் வடித்தபோது வந்தது தெளிவான நீர். அது இந்த நிமிடம் வரை தெளிவாகவே இருக்கிறது.

அடைத்த பாட்டில்: முதல் தடவை தவறிவிட்டது. அடைத்த பாட்டிலும் இலேசாக மஞ்சளாகிவிட்டது. மகள் சோர்ந்துபோனாள். பிறகு அவளே, வாளியிலிருந்து மொண்டு ஊற்றும்போது காற்றுக் கலந்திருக்குமோ என்றாள். இரண்டாம் தடவை மெல்லிய குழாயை பாட்டிலின் அடிவரை விட்டு, நீர் வழிந்து ஓடும் வரை நிரப்பி, குமிழி இல்லாமல் மூடினோம். இன்னொரு பாட்டிலைப் பாதி மட்டும் நிரப்பி மூடினோம். இரண்டையும் ஒரே அளவு குலுக்கினோம். பாதி பாட்டில் ஒரு மணி நேரத்தில் மஞ்சள். முழு பாட்டில் விடியும் வரை தெளிவு! காலையில் அதைத் திறந்து வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினோம். ஒரு மணிக்குள் அதுவும் மஞ்சள்.

இரவெல்லாம் சும்மா இருந்த நீர் கிண்ணத்தில் ஊற்றியதும் நிறம் மாறியதை நானும் என் அம்மாவும் அவளும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கோரையாறு · ஞாயிறு, இரவு 9.45

அவளிடம் சொல்லுங்கள், தவறிப்போன முதல் சோதனையை நோட்டிலிருந்து அடிக்கக் கூடாது. நிரப்பும் முறை முக்கியம் என்பதைக் கண்டுபிடித்தது அந்தச் சோதனைதான்.

இனி விளக்கம். மழையும் பாசன நீரும் மண்ணுக்குள் இறங்கும்போது ஆக்சிஜனையும் கொண்டுபோகின்றன. கீழே போகப் போக நுண்ணுயிரிகள் மக்கிய பொருளைத் தின்று அந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அதன் பிறகு அவற்றில் சில, ஆக்சிஜன் செய்யும் வேலைக்கு மண்ணிலுள்ள துருப்பிடித்த இரும்பைப் பயன்படுத்துகின்றன. அப்போது இரும்பு வேறு நிலைக்கு வந்து நீரில் கரைகிறது. இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை இழந்து நிற்கும் நிலை அது. அந்த நிலையில், இவ்வளவு சிறிய அளவில் அதற்குக் கண்ணுக்குத் தெரியும் நிறம் இல்லை. நீர் மேலே வந்து காற்றைத் தொட்டதும் ஆக்சிஜன் இன்னொரு எலக்ட்ரானையும் பிடுங்கிக்கொள்கிறது. மூன்று இழந்த இரும்பால் இந்த நீரில் கரைந்து நிற்க முடியாது. நீரோடு சேர்ந்து பழுப்புப் படிவாக இறங்குகிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உங்கள் பாட்டில்கள் சொன்னது காற்று என்பது வரைதான். காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவு நைட்ரஜன், ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அவற்றில் எது என்று உங்கள் சோதனை சொல்லவில்லை. ஆக்சிஜன் என்பதை மற்றவர்கள் செய்த சோதனைகளை வைத்து நான் சொல்கிறேன். தான் பார்த்தது எது, பிறர் சொல்லி ஏற்றது எது என்று நோட்டில் இரண்டையும் தனித்தனியே எழுதட்டும்.

அரசலாறு · திங்கள், காலை 10.20

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு அக்கா வீட்டில் ஒரு சொம்பு நீரில் எலுமிச்சை பிழிந்து வைத்தோம். மாலை வரை கலங்கவே இல்லை. எலுமிச்சை விடாமல் பக்கத்தில் வைத்த சொம்பு பழுப்பாகிவிட்டது. புளிப்பு தடுக்கிறது, சரிதானே?

கோரையாறு · திங்கள், காலை 11.05

பாதி சரி அம்மா. புளிப்புக் கூடினால் இந்த மாற்றம் மெதுவாகும், காரம் கூடினால் விரைவாகும். நிலத்தடி நீருக்கு உரிய நிலைகளில் பிஎச் (காரம் கூடினால் ஏறும் அளவு) ஓர் அலகு ஏறினால் வேகம் ஏறத்தாழ 100 மடங்கு கூடும். ஆனால் எலுமிச்சைக்குப் புளிப்பைத் தரும் சிட்ரிக் அமிலம் இன்னொரு வேலையும் செய்கிறது. அது இரும்பைப் பற்றிக்கொண்டு, படியவிடாமல் கரைசலிலேயே வைத்திருக்கும். ஆக, ஒரே சொட்டில் இரண்டு காரணங்களைச் சேர்த்துவிட்டீர்கள். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மறுபக்கத்திலிருந்து பாருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிநீரில் இரண்டு கரண்டி விடுங்கள்.

வெண்ணாற்றங்கரை · செவ்வாய், இரவு 8.15

சுண்ணாம்புத் தெளிநீர் விட்டோம். உடனே கலங்கிவிட்டது. வெற்றி என்று எழுதப்போனேன். மகள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்பு எந்த நீரையும் கலக்குமே என்றாள். மேலத்தெருக் கைபம்பு நீர் எவ்வளவு நேரம் வைத்தாலும் மஞ்சளாகாது. அதைக் கொண்டுவந்து அதே அளவு சுண்ணாம்பு நீர் விட்டோம். அதுவும் கலங்கியது, ஆனால் பால் வெள்ளையாக. எங்கள் நீர் ஐந்தே நிமிடத்தில் மஞ்சள் கலந்த பழுப்பு. நிறத்தை எழுதினோம், கலங்கலை எழுதவில்லை.

கோரையாறு · செவ்வாய், இரவு 8.40

எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஒப்பிட இன்னொரு நீர் வேண்டும் என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மிகுந்த மகிழ்ச்சி தம்பி.

உப்பளத்துக்காரன் · புதன், காலை 5.50

வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி. மூன்று தலைமுறையாக உப்புப் பாத்தி. தெளிந்த நீர் வெறும் நீர் இல்லை என்பதை எங்களைக் காட்டிலும் தெரிந்தவர் யார்? ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன, அதில் சோற்றுப்பு மட்டும் 27 கிராம் அளவுக்கு. பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயில் நீரை எடுத்துக்கொண்டு போகப் போக நீரின் அடர்த்தியை டிகிரியில் பார்க்கும் கருவி மேலே மிதந்து வரும். உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். 25 டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு பூக்கும். அதற்கு மேலும் காயவிட்டால் கசப்பு உப்புகள் சேர்ந்துவிடும் என்று மிச்ச நீரைத் திறந்துவிடுவோம். ஒரே நீரிலிருந்து ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது தனியாக இறங்கும். அதைப் பார்க்கப் பார்க்க அலுக்காது.

என் கேள்வி இதுதான். கடல் நீரில் கரைந்திருந்தது பாத்தியில் படிகிறது. தம்பி வீட்டு நீரில் கரைந்திருந்தது வாளியில் படிகிறது. இரண்டும் ஒன்றா, வேறா?

வெண்ணாற்றங்கரை · புதன், இரவு 7.55

இங்கேதான் வீட்டில் சண்டையே. தேர்வு வழிகாட்டியில், மீளக்கூடியது இயற்பியல் மாற்றம், மீளாதது வேதியியல் மாற்றம் என்று போட்டிருக்கிறது. மகள் உப்பை எடுத்து நீரில் போட்டாள், கரைந்தது. வாளிப் படிவைக் காயவைத்து நீரில் போட்டாள், எவ்வளவு கலக்கியும் கரையவில்லை. ஆகவே உப்பு இயற்பியல், படிவு வேதியியல் என்று எழுதிவிட்டாள். சரிதானே ஐயா?

கிளிஞ்சல் · புதன், இரவு 9.10

முடிவு சரி, விதி தவறு. என் அப்பா அதிராம்பட்டினம் பக்கம் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார். கிளிஞ்சலைச் சுட்டால் நீற்றாத சுண்ணாம்பு. நீர் தெளித்தால் கொதித்து நீறும். அதைக் குழைத்துச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் இறுகி மறுபடி கிளிஞ்சல் எதுவாக இருந்ததோ அந்தப் பொருளாகவே ஆகிவிடும். சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் நிற்கிறது. இது மீண்டதா இல்லையா? வழிகாட்டிப்படி இயற்பியல் மாற்றமா?

எடையைப் பாருங்கள். சுத்தமான கிளிஞ்சல் 100 கிலோ முழுதாக வெந்தால் 56 கிலோதான் மிஞ்சும். 44 கிலோ புகைபோக்கி வழியாகக் காற்றோடு போய்விடும். சுமைக்குக் கூலி வாங்குகிற ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

குடமுருட்டி · புதன், இரவு 9.30

உடைந்த பானை மீளாதே. அது என்ன மாற்றம்?

கோரையாறு · வியாழன், காலை 6.40

கிளிஞ்சலும் குடமுருட்டியும் சேர்ந்து அந்த விதியை இரண்டு பக்கமும் உடைத்துவிட்டார்கள். மீண்டாலும் வேதியியல் மாற்றமாக இருப்பது சுண்ணாம்பு. மீளாமலும் இயற்பியல் மாற்றமாக இருப்பது உடைந்த பானை. ஓடு எவ்வளவு சிறிதாகப் போனாலும் அது சுட்ட மண்தான். அந்த விதி எப்படியோ வழிகாட்டிகளில் புகுந்து, நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை பிள்ளைகளைக் குழப்பிக்கொண்டிருந்தது. இதில் எனக்குக் கோபம் உண்டு.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புதிய பொருள் உண்டானதா? அதைக் குணங்களைக் கொண்டுதான் அறிய முடியும். உப்பளத்துக்காரரின் பாத்தியில் இறங்கிய உப்பு, கரைந்திருந்தபோது எந்தத் துகள்களாக இருந்ததோ அதே துகள்கள்தான். சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் நீருக்குள் பிரிந்து திரிந்தன, நீர் போனதும் அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டன. எந்த அணுவும் எலக்ட்ரானை இழக்கவும் இல்லை, பெறவும் இல்லை. வாளியில் அப்படியில்லை. இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்தது, ஆக்சிஜன் பெற்றது. நிறம் மாறியது, கரையும் குணம் போனது. காய்ந்த படிவின் பக்கத்தில் ஒரு காந்தத்தைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இரும்பு இருக்கிறது என்கிறோமே, ஒட்டுகிறதா என்று பார்க்கட்டும். ஒட்டாது. சேர்மத்துக்குள் போன தனிமம் தன் பழைய குணத்தைக் காட்டுவதில்லை. சோற்றுப்பில் குளோரின் இருக்கிறது, அதைத்தான் தினமும் சாப்பிடுகிறோம்.

உப்பு கரைவதையே வேதியியல் மாற்றம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. படிகம் உடைந்து ஒவ்வோர் அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன, அது சின்ன விஷயமல்ல என்பார்கள். அந்த வாதத்திலும் பொருள் இருக்கிறது. இயற்கை நம் இரண்டு பெட்டிகளுக்காகக் காத்திருக்கவில்லை. உங்கள் மகள் தேர்வில் புதிய பொருள் உண்டானதால் வேதியியல் மாற்றம் என்று எழுதட்டும், முழு மதிப்பெண் கிடைக்கும்.

வெண்ணாற்றங்கரை · வியாழன், இரவு 8.05

காந்தம் ஒட்டவில்லை ஐயா.

ஒரு சந்தேகம். அடைத்த பாட்டில், திறந்த பாட்டில் இரண்டையும் சமையல் தராசில் வைத்தோம், மஞ்சளாவதற்கு முன்னும் பின்னும். ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லை. காற்றிலிருந்து ஆக்சிஜன் சேர்ந்தது என்றால் திறந்த பாட்டிலின் எடை கூட வேண்டாமா என்கிறாள்.

கோரையாறு · வியாழன், இரவு 9.20

கூட வேண்டும். எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். உங்கள் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் இரும்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் வாளியில் 60 மில்லிகிராம். அதைப் படியவைக்கக் காற்றிலிருந்து வர வேண்டிய ஆக்சிஜன் 9 மில்லிகிராமுக்கும் குறைவு. உங்கள் தராசு அசைய ஆயிரம் மில்லிகிராம் வேண்டும். நாலு நெல்மணியைப் போட்டால்கூட அசையாத தராசு அது. திறந்த பாத்திரத்தில் ஆவியாகிப் போகும் நீரே அதைப் போல் பல மடங்கு. அவள் எழுத வேண்டியது: மாற்றம் இருந்தால் அது ஒரு கிராமுக்குக் குறைவு. எடை மாறவில்லை என்று எழுதினால் தராசு சொல்லாததைச் சொன்னதாகிவிடும்.

கணக்கில் இன்னொன்றும் கிடைக்கிறது, பழைய வயல் ஐயாவுக்காக. அந்த 60 மில்லிகிராம் இரும்பு முழுதும் பழுப்புப் படிவானால் ஏறத்தாழ 115 மில்லிகிராம். இரும்பு 60, காற்றின் ஆக்சிஜன் 9, மீதி 46 எங்கிருந்து வந்தது? நீரிலிருந்து! நன்றாகச் சுட்டுக் காயவைத்தால் அதில் பெரும்பகுதி போய்விடும் என்றாலும், ஈரப் படிவின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு நீர் கொடுத்ததுதான்.

பழைய வயல் · வெள்ளி, காலை 6.05

ஐயா, இதைப் படித்து என் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் அப்பாவைப் பற்றி அல்லவா. இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

குடமுருட்டி · வெள்ளி, மாலை 4.30

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் வீட்டு போர்வெல்லும் மஞ்சள்தான், பழைய இரும்புக் குழாய். தம்பி செய்த மாதிரியே இரண்டு வாளி பிடித்தேன். முதல் வாளி விழும்போதே செம்மண் நிறம். இரண்டு மணி நேரம் ஓடிய பின் பிடித்தது இரண்டு நாளாகியும் தெளிவு. என் வீட்டில் குழாய்த் துருதான். தம்பி வீட்டில் இல்லை. இருபது வருடமாக எல்லா வீட்டிலும் ஒரே காரணத்தைச் சொல்லி எத்தனை பேருக்குக் குழாயை மாற்றவைத்தேனோ தெரியவில்லை. இனி எங்கே போனாலும் முதலில் இரண்டு வாளி பிடித்துப் பார்ப்பேன்.

அரசலாறு · வெள்ளி, மாலை 5.15

இதோடு சேர்ந்தது என்று நினைக்கிறேன். எங்கள் வயல் வடிகாலில் தேங்கிய நீரின் மேல் எண்ணெய் போல் வானவில் நிறத்தில் ஒரு படலம் நிற்கிறது. ஊரில் எல்லோருக்கும் பயம், எண்ணெய்க் குழாய் எங்கோ கசிகிறது என்று. அடியில் இதே செம்பழுப்புச் சேறும் இருக்கிறது.

கோரையாறு · வெள்ளி, மாலை 6.00

பயப்படுவது நியாயம் அம்மா, டெல்டாவில் யாரும் அதை அலட்சியம் செய்ய மாட்டார்கள். ஒரு குச்சியால் படலத்தைக் குத்திப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் பெரும்பாலும் இரும்பில் வாழும் நுண்ணுயிரிகளின் படலம். உடனே சுழன்று மறுபடி ஒன்றாகக் கூடினால் எண்ணெய். ஆனால் இது வழிகாட்டும் அடையாளம்தான், தீர்ப்பு இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கவும் கூடும். எண்ணெய் வாடை இருந்தால் குச்சியோடு நிறுத்தாமல், சுத்தமான கண்ணாடி பாட்டிலில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

தம்பிக்கும் அதையே சொல்வேன். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைக் கொடுத்து முழுதாகச் சோதியுங்கள். இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை விழும். அது கண்ணுக்குத் தெரிவதால் நாம் கவலைப்படுகிறோம். மேலத்தெருக் கைபம்பில் கண்ணுக்குத் தெரியாமல் என்ன கரைந்திருக்கிறதோ, தெளிவை வைத்துச் சொல்ல முடியாது. இரும்பை நீக்க, பூவாளி போல் துளையிட்ட தட்டு வழியாக நீரை உயரத்திலிருந்து தூவவிட்டு, ஒரு தொட்டியில் நிறுத்தி, மணல் படுகை வழியாக எடுங்கள். நீங்கள் பாட்டிலில் கண்டுபிடித்ததைத்தான் அந்தத் தொட்டி செய்யும்.

வெண்ணாற்றங்கரை · ஞாயிறு, காலை 8.50

தொட்டிக்குக் கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது. நீரை நாளை ஆய்வகத்தில் கொடுக்கிறேன்.

இதை எழுத வந்ததற்குக் காரணம் வேறு. நேற்று இரவு மகள் ஐயாவின் ஞாயிற்றுக்கிழமைப் பதிவை மறுபடி படித்தாள். நீர் கட்டிய மண்ணில் காற்றுத் தீர்ந்து இரும்பு கரையும் என்றால், நம் வயலிலும் அப்படித்தானே நடக்க வேண்டும் என்றாள். நான் ஆமாம் என்றேன். அப்படியானால் நெல்லின் வேர் அங்கே எப்படி உயிரோடு இருக்கிறது, அதற்குக் காற்று எங்கிருந்து வருகிறது? தாளின் உள்ளே இருக்கும் துளை வழியாக இறங்கும் என்றேன், அது எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நோட்டில் எழுதினாள்: "வேரிலிருந்து காற்று கொஞ்சம் வெளியே கசிந்தால், வேரைச் சுற்றி மட்டும் பழுப்பு இருக்க வேண்டும். தள்ளியிருக்கும் சேறு சாம்பல் நிறமாக இருக்க வேண்டும்."

விடிந்ததும் வயலுக்குப் போனோம். ஒரு குத்தைப் பிடுங்கி வாய்க்காலில் அலசினேன். முப்பது வருடமாக நெல் வேரைப் பார்த்து வருகிறேன். பழுப்பு வேர் என்றால் பழைய வேர் என்று மட்டுமே நினைத்திருந்தேன். நுனி வெள்ளை, அதற்கு மேலே வேர் நெடுக வாளியடியில் இருந்த அதே செம்பழுப்புப் பூச்சு. சுற்றியிருந்த சேறு கருஞ்சாம்பல். அவள் நகத்தால் சுரண்டி அந்தப் பூச்சைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டாள். வெறுந்தேநீர் போட்டு ஆறவைத்திருக்கிறாள். கொஞ்சம் எலுமிச்சை விட்டால் இந்தப் பூச்சு கரையுமா, கரைந்ததைத் தேநீரில் விட்டால் கறுக்குமா, எலுமிச்சை மட்டும் விட்ட இன்னொரு குவளையும் பக்கத்தில் வேண்டுமா என்று கேட்கிறாள் ஐயா.